குவாந்தான் கடலில் ஏழு நாள்கள்

குவாந்தான் நகரின் தெலுக் செம்பெடாக் கடற்கரை நம்மில் பலருக்குப் பழக்கமான இடம். பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு போய், பாறையோரம் பாய் விரித்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டு, பிள்ளைகளை அலையில் கால் நனைக்க விட்டுத் திரும்புவோம். அந்தக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அந்தத் தண்ணீரின் அடியில் இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. ஒன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, மற்றொன்று ‘ரிபல்ஸ்’. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, ஒரே பகற்பொழுதில் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. மாண்டவர்கள் 840 பேர்.

அந்தக் கப்பல்களைக் கடலடிக்கே போய்ப் பார்த்துவர என் நண்பர்கள் நால்வர் ஒரு வாரப் பயணம் புறப்பட்டார்கள். நான் முக்குளிப்பவன் அல்லன். படகில் இருந்து அவர்கள் இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் பலகையில் எழுத ஓர் ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துக்கொண்டார்கள். மேலே இருந்து நான் பார்த்ததையும், கீழே போய் வந்தவர்கள் சொன்னதையும் வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

நால்வரும் யார்?

நால்வரும் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஈயக்குட்டையில் திருட்டுத்தனமாக நீச்சல் பழகி, வீட்டில் விளாறு அடி வாங்கியவர்கள். மூத்தவரை நாங்கள் ‘அண்ணன்’ என்றே அழைப்போம். அவர் பல ஆண்டுகளாகத் தியோமான் தீவில் முக்குளிப்புப் பயிற்சி கொடுத்து வருகிறார். இரண்டாமவர் அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்பவர். தோட்டத்து வழக்கப்படி அவருக்கு ‘டிரெசர்’ என்று பெயர். மூன்றாமவர் லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். நான்காமவர் ஆசிரியர், எங்களுக்கு ‘வாத்தியார்’.

அறுபது மீட்டருக்குக் கீழே போவது விளையாட்டுக் காரியமன்று. அதற்கென்று தனிப் பயிற்சியும் தேர்ச்சியும் வேண்டும். மற்ற மூவரும் அண்ணனிடம் படிப்படியாகப் பழகி இந்த நிலைக்கு வர ஆறு ஆண்டுகள் பிடித்தன. பயணச் செலவுக்காக மாதாமாதம் கூட்டு கட்டிச் சேர்த்தார்கள்.

முதல் நாள்: மெர்சிங்

ஆகஸ்டு மாதத்தில் புறப்பட்டோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் மழைக்காற்றுக் காலம். அப்போது அந்தக் கடலில் யாருக்கும் வேலையில்லை. மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. ஏற்ற நீர் வந்தால்தான் பெரிய படகுகள் வெளியேற முடியும். ஆகவே விடியற்காலையிலேயே சாமான்களை ஏற்றிவிட்டு, துறைமுகக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுக்கொண்டு தண்ணீருக்காகக் காத்திருந்தோம்.

ஏற்றிய சாமான்களைப் பார்த்தால் ஏதோ தொழிற்சாலை இடம் மாறுகிறது என்று நினைக்கத் தோன்றும். சமையல் எரிவாயுத் தோம்பு போன்ற காற்றுத் தோம்புகள் மட்டும் முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப் பட்டை. எந்த ஆழத்தில் எந்தக் காற்று என்று அதில் எழுதியிருக்கும். படகோட்டி கோல திரெங்கானுவைச் சேர்ந்த முதியவர். ‘பாக்சிக்’ என்று அழைத்தோம். அவரோடு உதவிக்கு இரண்டு இளைஞர்களும் ஒரு சமையற்காரரும்.

இரண்டாம் நாள்: தியோமான்

தியோமானில் ஒரு நாள் முழுவதும் ஒத்திகை. ஆழம் குறைந்த நீரில் கயிறு பிடிப்பது, தோம்பு மாற்றுவது, கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் வெளியேற்றுவது என்று அண்ணன் மூவரையும் வாட்டி எடுத்தார். மாலையில், கடலின் ஆழம் மனித உடலை என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் நடத்தினார்.

ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று மண்டலத்தின் எடைக்குச் சமமான அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அறுபது மீட்டரில் கரையில் இருப்பதைப்போல் ஏழு மடங்கு. அந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் கள் குடித்த மயக்கத்தைக் கொடுக்கும். பிராணவாயுவே அளவு மீறினால் வலிப்பு வரவழைக்கும். அதனால் இரண்டையும் குறைத்து, ஹீலியம் என்ற லேசான வாயுவைக் கலந்து சுவாசிக்கிறார்கள்.

இறங்குவதைவிட ஏறுவதில்தான் ஆபத்து அதிகம். கீழே சுவாசித்த வாயு இரத்தத்திலும் சதையிலும் கரைந்திருக்கும். “ஆரஞ்சு புட்டியைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குகிறது இல்லையா? அவசரப்பட்டு மேலே வந்தால் இரத்தத்திலும் அதே கதைதான்” என்றார் அண்ணன். அந்தக் குமிழிகள் மூட்டில் தங்கினால் தாங்க முடியாத வலி, முதுகுத் தண்டில் தங்கினால் கால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். அதைத் தவிர்க்கப் படிப்படியாக நின்று நின்று ஏறவேண்டும். அடியில் இருபது நிமிடம் இருந்தால் மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை லூமுட் கடற்படைத் தளத்தில் உண்டு. ஆனால் அது நாட்டின் மேற்குக் கரையில் அல்லவா இருக்கிறது! நாங்கள் போவதோ கிழக்குக் கடலின் நடுவுக்கு.

கப்பல்கள் இங்கே வந்த கதை

அன்றிரவு படகு வடக்கே கிளம்பியது. மேல்தட்டில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, வாத்தியார் எங்களுக்கு 1941ஐச் சொன்னார்.

பிரிட்டிஷார் சிங்கப்பூரை அசைக்க முடியாத கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஜப்பானை அச்சுறுத்தி நிறுத்துவதற்காக இந்த இரண்டு கப்பல்களையும் அனுப்பினார்கள். டிசம்பர் 2ஆம் தேதி அவை சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ அந்த ஆண்டில்தான் பணியில் சேர்ந்த புதுக்கப்பல். 227 மீட்டர் நீளம், பதினான்கு அங்குல வாயுள்ள பத்துப் பீரங்கிகள். ‘ரிபல்ஸ்’ முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல்; அதைவிடவும் நீளம், 242 மீட்டர். இரண்டு காற்பந்துத் திடல்களை ஒட்டிப் போட்டாலும் இவற்றின் நீளத்துக்குப் பற்றாது.

டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அன்று மாலையே அட்மிரல் டாம் பிலிப்ஸ் இந்த இரு கப்பல்களோடும் நான்கு சிறு போர்க்கப்பல்களோடும் வடக்கே கிளம்பினார். துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. எதிரி விமானங்கள் பார்த்துவிட்டதால் 9ஆம் தேதி இரவு சிங்கப்பூருக்கே திரும்பினார். அந்த நேரத்தில் குவாந்தானிலும் ஜப்பானியர் இறங்குவதாக ஒரு செய்தி வந்தது. அது பொய்ச் செய்தி. அதை நம்பிக் கப்பல்கள் குவாந்தான் பக்கம் திரும்பின.

10ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு மேல் இந்தோசீனாவிலிருந்து பறந்துவந்த விமானங்கள், ஏறத்தாழ 85, அலை அலையாகத் தாக்கின. பகல் 12.33க்கு ‘ரிபல்ஸ்’ கவிழ்ந்தது. 1.20 அளவில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ புரண்டு மூழ்கியது. அட்மிரல் பிலிப்சும் கப்பல் தலைவர் ஜான் லீச்சும் அதனோடு போனார்கள். உடன் வந்த சிறு கப்பல்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் காப்பாற்றின. கடலில் ஓடிக்கொண்டிருந்த இத்தனை பெரிய போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது உலகத்தில் அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு மலாயாவின் கடலைக் காக்க ஒன்றுமில்லை. ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர்.

மூன்றாம், நான்காம் நாள்கள்: ரிபல்ஸ்

விடிந்தபோது நாற்புறமும் கடல். இடத்தைக் கருவியில் பார்த்து, எதிரொலிக் கருவித் திரையில் அடித்தரை திடீரென்று மேடாக எழும்பிய இடத்தில் பாக்சிக் நங்கூரக் கயிற்றைக் கப்பலுக்கு வெளியே மணலில் இறக்கினார். கப்பல்மேல் நங்கூரம் போடுவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் கட்டுப்பாடு. “இது குபூர்” என்றார். நம் பேச்சில் சொன்னால் சுடுகாடு, கல்லறை.

நால்வரும் உடை மாட்டி, தோம்புகளைச் சுமந்து நின்றபோது அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காவடி கட்டியவர்களைப்போல் இருந்தார்கள். ஒவ்வொருவர் மேலும் அறுபது கிலோவுக்குக் குறையாத பாரம். தண்ணீரில் விழுந்ததும் பாரம் மறைந்துவிடும். அண்ணன் விரலால் வட்டம் காட்டினார். மணி 8.40 என்று பலகையில் எழுதினேன். நான்கு தலைகளும் நீலத்துக்குள் மறைந்தன.

‘ரிபல்ஸ்’ ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மேலே வந்ததும் நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலில் பார்த்தது கப்பலை அன்று, மீன்களைத்தானாம். தெங்கிரியும் செலாரும் கூட்டம் கூட்டமாக விலகி வழிவிட, அதன் பின்னால் ஒரு பெரிய கறுப்புச் சுவர் எழும்பியதாம். விசிறி போன்ற பவளங்கள், மென்பவளங்கள், சுவர் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாய். “செத்த கப்பலில் இவ்வளவு உயிரா!” என்று வியந்தார் டிரெசர்.

மறுநாள் அதே கப்பலின் பின்பகுதிக்குப் போனார்கள். திரும்பிவந்தபோது பேச்சு குறைந்திருந்தது. பட்டறைக்காரர் இரும்போடு பிறந்து வளர்ந்தவர். எது துருவில் உடைந்தது, எது ஆளால் பிய்க்கப்பட்டது என்று பார்த்தவுடன் தெரியும் அவருக்கு. “சுழலி ஒன்றும் இல்லை. தகடுகள் வெளிப்பக்கமாக மடங்கிக் கிடக்கின்றன. வெடி வைத்துக் கிழித்திருக்கிறார்கள்” என்றார்.

இரும்புத் திருடர்கள்

பழைய இரும்பு வாங்கும் ஆட்கள் லாரியில் வந்து ஓட்டை வாளியையும் உடைந்த மிதிவண்டியையும் எடைபோட்டு எடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதே வியாபாரம் கடலிலும் நடக்கிறது. கப்பலின் சுழலிகள் டன் கணக்கில் எடையுள்ள வெண்கலம். நல்ல விலை போகும். பாரந்தூக்கி பொருத்திய படகோடு வந்து, வெடி வைத்துத் தகர்த்து, பெரிய இரும்புக் கையால் அள்ளி எடுக்கிறார்கள். 1945இல் அணுகுண்டு வெடிக்கும் முன் வார்த்த எஃகில் கதிரியக்கக் கலப்பு இராது என்பதால், நுட்பமான கருவிகள் செய்ய அதற்குத் தனி மதிப்பு இருந்ததும் உண்டு.

இந்த இரண்டு கப்பல்களையும் பிரிட்டன் 2001ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்தது. பார்க்கலாம், தொடக்கூடாது, உள்ளே நுழையக்கூடாது. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலின் மணியை மட்டும், திருடர் கையில் சிக்காமல் இருக்க, அனுமதி பெற்று 2002இல் வெளியே எடுத்து, பிரிட்டனில் காட்சிக்கு வைத்தார்கள். ஆனாலும் 2014ஆம் ஆண்டில், கப்பல்கள் வெடியால் சிதைக்கப்படுகின்றன என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதம் நம் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் ஜொகூர் கடலில் சீனாவில் பதிவான ஒரு கப்பலைத் தடுத்து வைத்தது. அனுமதியின்றி நங்கூரமிட்ட அந்தக் கப்பலில் பழைய இரும்பும் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகளும் இருந்தன.

மற்றக் கப்பல்களின் கதி இன்னும் மோசம். தியோமான் கடற்பகுதியில் 1941 டிசம்பரில் கண்ணிவெடியில் சிக்கி இரண்டு டச்சு நீர்மூழ்கிகள் மூழ்கின. ஒன்றிலிருந்து ஒரே ஒருவர்தான் நீந்திக் கரை சேர்ந்தார். மற்றதில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த நீர்மூழ்கிகள் இருந்த இடத்தில் இப்போது மிச்சமென்று சொல்ல அதிகமில்லை. ஜாவாக் கடலில் கிடந்த டச்சுப் போர்க்கப்பல்களைத் தேடி 2016இல் போனவர்கள், இரண்டு கப்பல்கள் முழுதாகவே காணாமல் போனதைக் கண்டார்கள். மணலில் தடம் மட்டும் இருந்ததாம். கப்பல் போனால் உள்ளே கிடந்தவர்களின் எலும்பும் அதோடு போகும் அல்லவா?

ஐந்தாம் நாள்: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்

அங்கிருந்து எட்டுக் கடல் மைல் தூரத்தில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’. இது ஏறத்தாழத் தலைகீழாக, 68 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பீரங்கிகளும் மேல்தட்டும் சேற்றில் அமுங்கிவிட்டன. முக்குளிப்பவருக்குத் தெரிவது கப்பலின் அடிவயிறுதான்; மொட்டைக் குன்றுபோல் நீண்டு கிடக்குமாம்.

அன்று அவர்கள் பின்பகுதியில் இடப்பக்கச் சுழலித் தண்டு இருந்த இடத்தைப் பார்த்தார்கள். கப்பலின் உயிரைப் போக்கிய காயம் அதுதான். முதல் தாக்குதலிலேயே ஒரு நீர்மூழ்கிக் குண்டு அங்கே பட்டுத் தண்டு வளைந்தது. வளைந்த தண்டு வேகமாகச் சுற்றியதில் உள்ளறைகளின் தடுப்புகள் கிழிந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. 2007இல் முக்குளிப்பாளர் குழு ஒன்று இதை அளந்து பதிவு செய்தது. இத்தனை பெரிய கப்பல் ஒரு தண்டு வளைந்ததால் போயிற்று என்பதைப் பட்டறைக்காரரால் மறக்க முடியவில்லை.

மேலே எனக்கு அன்று நல்ல நேரமில்லை. 9.05க்கு இறங்கியவர்கள் 10.30க்குள் தலைகாட்ட வேண்டும். பத்து மணிக்கு மேல் நீரோட்டம் வலுத்தது. மிதவை சாய்ந்தது, கயிறு வில்லாக வளைந்தது. 10.30 ஆயிற்று, யாரும் வரவில்லை. பாக்சிக் ஒன்றும் பேசாமல் இயந்திரத்தைத் தயாராக வைத்தார். இளைஞர்கள் பிராணவாயுத் தோம்பை எடுத்து வைத்தார்கள். 10.35... 10.40... லூமுட் எவ்வளவு தூரம் என்ற எண்ணம்தான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாக்சிக் தண்ணீரைக் காட்டினார். மிதவையைச் சுற்றிக் குமிழிகள் நான்கு இடத்தில் தனித்தனியாக வந்துகொண்டிருந்தன. “நாலு பேரும் இருக்கிறார்கள். நிற்கட்டும், அவசரப்படுத்தாதே” என்றார். 10.43க்கு முதல் தலை தெரிந்தது.

ஏறும் வழியில் கயிற்றில் கிழிந்த மீன்வலை ஒன்று சுற்றியிருந்ததாம். அதை அறுத்து விலக்கக் கீழே சில நிமிடங்கள் கூடின. கீழே கூடிய நேரத்துக்கு மேலே வட்டியோடு சேர்த்துக் காத்திருந்து வந்திருக்கிறார்கள். நீரோட்டத்தில் நால்வரும் கொடிக்கம்பத்துக் கொடிபோலக் கயிற்றில் படுக்கையாகத் தொங்கினார்களாம். அதைச் சொல்லி டிரெசர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாத்தியாரின் தாத்தா

ஆறாம் நாள் நீரோட்டம் தணியவில்லை. இறங்குவதில்லை என்று அண்ணன் முடிவு செய்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. மாலையில் வாத்தியார் கொண்டுவந்திருந்த உதிரிப் பூவைக் கடலில் தூவினார். பாக்சிக் தம் முறைப்படி இரண்டு கைகளையும் ஏந்தி வேண்டிக்கொண்டார்.

இவ்வளவு செலவும் ஆபத்தும் எதற்கு என்று அன்றுதான் வாத்தியாரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எங்கள் தாத்தா பால் வெட்டப் போன மனிதர். ஜப்பான்காரன் காலத்தில் பெரட்டுக் களத்திலிருந்தே சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். பாட்டி அப்போது நிறைமாதம். அவர் திரும்பவில்லை. எந்த முகாம், எந்த நாள், காய்ச்சலா, வாந்திபேதியா, ஒன்றும் தெரியாது. செத்த தேதி தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை. தீபாவளிக்கு முதல் நாள் படையலில் அவருக்கும் ஓர் இலை போடுகிறோம். இங்கே கிடக்கிற 840 பேருக்கும் பெயர் இருக்கிறது. எந்த இடம், எந்த மணி என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதி வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வந்தேன்.”

அவர் சொன்னது உண்மை. மாண்ட கடற்படையினரின் பெயர்கள் பிரிட்டனின் நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சயாம் ரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அதே பாதையில், 1943 அக்டோபரில் வேலை முடிவதற்குள் நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை, கல்லும் இல்லை. காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் 2023ஆம் ஆண்டில்தான் எழுந்தது.

ஏழாம் நாள் தியோமான் வழியாக மெர்சிங் திரும்பினோம். நண்பர்கள் கடலடியிலிருந்து கொண்டுவந்தது படங்கள் மட்டுமே. ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்கவில்லை.

வாசகர்களுக்கு

இந்தக் கப்பல்களைப் பார்க்க எல்லாரும் கடலில் குதிக்க முடியாது, தேவையும் இல்லை. தியோமானுக்குப் போகிறவர்கள் மழைக்காற்றுக் காலத்தைத் தவிர்த்து, மெர்சிங்கில் ஏற்ற நீர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். கண்ணாடி மாட்டி மேலே மிதந்தே பவளத்தையும் மீனையும் பார்க்கலாம். அது கடல் பூங்கா. பவளத்தை ஒடிக்காதீர்கள், மேலே மிதிக்காதீர்கள். குவாந்தான் கரைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கிழக்கே கையைக் காட்டி, அங்கே என்ன கிடக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. சயாமுக்குப் போனவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எத்தனையாம் டிவிஷன், யாரோடு போனார், யார் திரும்பிவந்து சேதி சொன்னது என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்டதைப் பள்ளிப் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் வாத்தியார் வீட்டில் அந்த நோட்டு தொடங்கிவிட்டது. முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன. அவரோடு அதே லாரியில் ஏறியவர்கள் மூன்று பேரின் பெயர்களும் இதுவரை கிடைத்திருக்கின்றன.